கருப்பசாமிக்கு ஒரு சுருட்டு

ஆடி வெள்ளிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. சாமி அலமாரியின் கீழ் இழுப்பறையிலிருந்து, போன ஆண்டு படையலில் மிஞ்சிய சுருட்டுக் கட்டை எடுத்தேன். கட்டோடு ஒரு பிடி பழுப்புத் தூளும் கையில் வந்தது. ஒவ்வொரு சுருட்டிலும் குண்டூசியால் குத்தியதுபோல் துளைகள். ஒன்றை லேசாக அழுத்திப் பார்த்தேன். மேல் இலை மட்டும்தான் மிச்சம், உள்ளே ஒன்றுமில்லை. தூளுக்குள் எள்ளளவில், செம்பழுப்பு நிறத்தில் ஏதோ நகர்ந்தது.

அம்மா எட்டிப் பார்த்தார். மறுநொடி சமையலறைக்கு ஓடி மல்லித்தூள் டப்பாவைத் திறந்தார். அவர் பயந்தது சரியாகப் போயிற்று. அங்கேயும் அதே வண்டு. மிளகாய்த்தூளிலும் இருந்தது.

"புகையிலையைத் தின்னுற பூச்சி மல்லியையும் தின்னுமா?" என்று கேட்டார். தின்னும். இதற்குப் புகையிலை வண்டு என்றே பெயர். காய்ந்த இலை, மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் அதற்குச் சாப்பாடுதான். புகையிலையிலேயே முட்டை ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வெப்பம் 24, 25 டிகிரியைத் தாண்டினால் பொரிக்கும். சிங்கப்பூரில் குளிரூட்டி இல்லாத ஓர் இழுப்பறை அந்த அளவுக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். ஓர் ஆண்டு முழுவதும் நாங்கள் அதற்கு வீடு கொடுத்து, பக்கத்து அறையில் சாப்பாடும் போட்டிருக்கிறோம்.

கேலாங் ஈஸ்டில் எங்களுடையது நாலறை வீவக வீடு. குலதெய்வம் கருப்பு. துறையூர்ப் பக்கத்துக் கோயிலுக்குப் போகமுடியாத ஆண்டுகளில் வீட்டிலேயே ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு படையல் போடுவோம். அவித்த முட்டை, கருவாட்டுக் குழம்பு, பொரி, ஒரு சின்ன பாட்டில், ஒரு சுருட்டு. இந்தப் பட்டியலில் எதைக் குறைத்தாலும் குறைக்கலாம், சுருட்டை மட்டும் குறைக்கக்கூடாது என்பது அப்பாவின் சட்டம்.

இத்தனை ஆண்டும் அதைப் பற்றவைத்தவர் அப்பாதான். ஓர் இழுப்பு இழுத்து, நுனி கனிந்ததும் படத்துக்கு முன்னால் வைத்துவிடுவார். சுருட்டில் அவருக்கு அந்த ஓர் இழுப்புதான். சிகரெட்டில் முப்பது ஆண்டு. விட்டு ஒன்பது ஆண்டாகியும் நுரையீரல் மறக்கவில்லை. சிஓபிடி என்று எழுதிக் கொடுத்த மருத்துவர், வீட்டுக்குள் யாருடைய புகையும் இருக்கக்கூடாது என்றார். சாமியின் புகையைப் பற்றி அவர் தனியாக எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆக, இந்த ஆண்டு சுருட்டு என் பொறுப்பு. வானொலியில் பேசிப் பிழைக்கிறவள் நான். குரலுக்குப் பயந்து ஐஸ் தண்ணீரே குடிப்பதில்லை. கடைக்குப் போய்ச் சுருட்டு கேட்பதை நினைத்தாலே அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

முதலில் போன ஆண்டுக் கட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் போன சித்தப்பா உறையூரில் வாங்கி வந்தது அது. மொத்தம் 25 சுருட்டு. விலை நம்மூரில் ஒரு கோப்பித் தம்ளருக்குக்கூடக் காணாது. "சாங்கியில சொல்லி வரி கட்டினீங்களா சித்தப்பா?" என்று இந்த ஆண்டுதான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாமிக்குத்தானே" என்றார்.

சாமிக்கானாலும் வரி உண்டு. மதுபானத்துக்கு இருப்பதுபோல் புகையிலைக்குப் பயணிகள் சலுகை எதுவும் இங்கே கிடையாது. முதல் கிராமிலிருந்தே கட்டவேண்டும். 2023 பிப்ரவரியில் புகையிலை வரியை 15 விழுக்காடு ஏற்றியபோது சுருட்டுக்குக் கிலோவுக்கு 491 வெள்ளி என்று ஆனது. ஒரு சுருட்டு 6 கிராம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 25 சுருட்டு 150 கிராம். வரி 73 வெள்ளி 65 காசு. அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேர்ந்தால் 80 வெள்ளியைத் தாண்டிவிடும். சித்தப்பா மலிவாக வாங்கியதாக நினைத்தது அவ்வளவு மலிவாக இருந்திருக்கக்கூடாது.

கட்டாமல் மாட்டிக்கொண்டால் கணக்கு வேறு. நீதிமன்றம் வரை போனால், ஏய்த்த வரியைப்போல் 40 மடங்கு வரை அபராதம், ஆறாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. விற்றவருக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம், வாங்கியவருக்கும் உண்டு. கேலாங் சந்துகளில் வரி கட்டாத சிகரெட்டோடு பிடிபட்டவர்களின் செய்தியை நானே பலமுறை ஒலிவாங்கிக்கு முன்னால் வாசித்திருக்கிறேன். வாசித்து முடித்ததும் அடுத்த பாட்டு போட்டுவிடுவோம். என் வீட்டு இழுப்பறையை அப்போது நினைத்துப் பார்த்ததில்லை. ஊரிலிருந்து கொண்டுவரத்தான் வேண்டுமென்றால் சுங்கத் துறையின் இணையச் செயலியில் புறப்படும்போதே அறிவித்துக் கட்டிவிடலாம். இல்லையென்றால் சாங்கியில் இறங்கியதும் சிவப்பு வழி இருக்கிறது.

ஆனால் அந்தக் கணக்குதான் என் கண்ணையும் திறந்தது. கருப்புக்கு ஆண்டுக்கு வேண்டியது ஒரே ஒரு சுருட்டு. நாங்கள் 25 வாங்கி, 24-ஐ வண்டுக்குப் போட்டிருக்கிறோம். சிக்கனம் என்றால் கட்டாக வாங்குவது என்று அரிசி, பருப்பில் பழகிய புத்தி. சுருட்டில் அது செல்லாது.

இங்கேயே வாங்குவது என்று முடிவானது. அல்ஜுனிட் எம்ஆர்டி பக்கத்து மளிகைக் கடையில் கேட்டேன். சிகரெட் மட்டும்தான் என்றார்கள். நகரில் சுருட்டுக்கென்றே இருக்கும் கடைக்குப் போகச் சொன்னார்கள். போனேன். என் வயதுக்கு அடையாள அட்டை கேட்டது எனக்குப் பெருமையாகவே இருந்தது. 2021 முதல் 21 வயது நிரம்பாதவர்களுக்குப் புகையிலை விற்கக்கூடாது. 2017 ஆகஸ்ட் முதல் கடையில் காட்சிக்கு வைக்கவும் கூடாது. கேட்டால் எழுத்து மட்டும் உள்ள விலைப்பட்டியல் தருவார்கள். 2020 ஜூலைக்குப் பிறகு எல்லாப் பெட்டிக்கும் ஒரே மங்கிய பழுப்பு நிறம், முக்கால் பங்குக்கு எச்சரிக்கைப் படம். பளபளப்பைப் பார்த்து ஏமாற முதல்முறை வாங்குபவருக்கு வாய்ப்பே இல்லை. எனக்கு அது நல்லதாகப் போயிற்று.

கடைக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சாமிக்கு ஒன்று வேண்டும், வீட்டில் யாரும் புகைக்கமாட்டோம், கையில் 60 வெள்ளிக்கு மேல் இல்லை. அவர் சீனர். சிரிக்கவில்லை. தம் வீட்டிலும் சாமி படத்துக்கு முன்னால் சிகரெட் வைப்பார்கள் என்றார்.

அவர் சொல்லித்தந்ததில் நினைவிலிருப்பதை எழுதுகிறேன். சுருட்டில் மூன்று அடுக்கு. வெளியே சுற்றிய மேல் இலை, அதற்குள் கட்டும் இலை, நடுவில் நிரப்பும் இலை. நல்ல கைச்சுருட்டில் நடு இலை முழு நீளத்துக்குப் போகும். மலிவானதில் நறுக்கிய துண்டு. நிறம் கறுப்பாக இருந்தால் காரம் அதிகம் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். கறுத்த மேல் இலை பல நேரம் இனிப்பாகவே இருக்கும், காரம் உள்ளே இருக்கும் இலையைப் பொறுத்தது. பருமனை ஓர் அங்குலத்தின் 64-இல் ஒரு பங்காகச் சொல்கிறார்கள். 50 என்றால் அரை அங்குலத்தைவிடச் சற்று, மிகச் சற்று, அதிகமான... இல்லை, முக்கால் அங்குலத்துக்கு மேல். என் கணக்கை அவர் திருத்தினார். அந்தப் பருமனில் ஐந்து அங்குல நீளத்தில் வருவதை ரொபுஸ்டோ என்கிறார்கள். அதுதான் அதிகம் விற்குமாம். எடை கூடினால் வரியும் கூடும் என்பதால் எனக்கு அதைக் காட்டவே இல்லை. விரல் நீளத்தில் சின்னதாக ஒன்றை எடுத்துவந்தார்.

உறைக்கு மேலேயே தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இரண்டு விரலால் மெதுவாக. ஓரிடத்தில் குழைந்து, இன்னோரிடத்தில் கட்டியாக இருந்தால் வேண்டாம். மேல் இலை வெடித்திருந்தால் வேண்டாம். ஊசித் துளை ஒன்று தென்பட்டாலும் அந்தப் பெட்டியையே வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார். அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பா சிம்ஸ் அவென்யூவில் டுரியான் வாங்கும்போது பார்த்திருக்கிறேன். காம்பைப் பார்ப்பார், குலுக்குவார், மூக்கருகே வைப்பார், கடைக்காரர் சொல்லும் பெயரைக் காதில் வாங்கவே மாட்டார். இதுவும் ஏறக்குறைய அந்த வித்தைதான்.

மூன்று வாங்கினேன். ஒன்று 12 வெள்ளி. அதைவிட மலிவில், இயந்திரத்தில் செய்த உலர்வகைச் சிறு சுருட்டுகளும் இருந்தன. ஐரோப்பிய முறையில் முன்பே உலர்த்தியவை என்பதால் அவற்றுக்கு ஈரப்பதம் பார்த்துப் பாதுகாக்கும் தொல்லையே இல்லை. எனக்கே அதில் ஆசைதான். அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "கருப்புக்கு மெஷின் சுருட்டா?" என்றார். வைத்துவிட்டேன்.

அவருடைய அந்தப் பிடிவாதத்துக்கு ஊர்ப் பெருமையும் ஒரு காரணம். ஆங்கிலத்தின் 'செரூட்' நம் 'சுருட்டு' என்ற சொல்லிலிருந்து போனது. இரண்டு முனையும் திறந்திருப்பதுதான் செரூட்டின் அடையாளம். வெட்டத் தேவையில்லை. பிரிட்டிஷ் காலத்தில் உறையூரில் சுற்றியது 'டிரிச்சினாபொலி' என்ற பெயரில் கப்பலேறியது. 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே, தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து இது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். சர்ச்சில் குடித்ததும் நம்மூர்ச் சுருட்டுதான் என்று திருச்சிக்காரர்கள் சொல்வதுண்டு. அதற்குச் சாட்சி தேடினால் அவர்களுக்குப் பிடிக்காது. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் நிறுவனம் சுருட்டுத் தொழிற்சாலையே வைத்திருந்தது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்கு இதே அளவு பெருமை உண்டு. அங்கிருந்து போனவர்கள் இலங்கையின் தென்பகுதி ஊர்களில் நடத்திய சுருட்டுக் கடைகள் ஒரு காலத்தில் பெயர்பெற்றவை. என்னோடு பணியாற்றும் யாழ்ப்பாணத்துத் தோழி, உறையூரை நான் இரண்டாவது முறை சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாங்குவது ஒரு மணி நேர வேலை. வைப்பதில்தான் ஓர் ஆண்டு இருக்கிறது.

சுருட்டு காய்ந்த இலைதான், ஆனால் முழுதாகக் காய்ந்தால் உதிர்ந்துபோகும். அதிகம் ஈரமானால் பூஞ்சை. அதற்குப் பிடித்த ஈரப்பதம் 65-இலிருந்து 70 விழுக்காடு. சிங்கப்பூரின் சராசரியோ 80-ஐத் தாண்டும், விடியற்காலையில் 90-க்கு மேலும் போகும். குளிரூட்டி போட்ட அறையில் வெளியே வைத்தால் நேர் எதிர், ஈரத்தை உறிஞ்சி மேல் இலையை வெடிக்கவைத்துவிடும். குளிர்பதனப் பெட்டி இன்னும் மோசம். அது உலர்த்துவதோடு, உள்ளே இருக்கும் மீன் குழம்பின் வாசத்தையும் சுருட்டில் ஏற்றிவிடும்.

இதற்கென்றே தேவதாரு போன்ற மரத்தில் செய்த பெட்டிகள் உண்டு. அழகாக இருக்கும். மலிவான மரப்பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தாது, நல்லதன் விலையில் நூறு சுருட்டு வாங்கலாம். கடைக்காரரே வேண்டாம் என்றார். சாப்பாடு போடும் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா போதும். புதிதாக இருக்கவேண்டும், முன்பு எதுவும் போட்டிருக்கக்கூடாது. எனக்கு 4 வெள்ளி ஆனது. அதற்குள் 65 விழுக்காடு என்று அச்சிட்ட ஈரப்பதப் பை ஒன்று, 6 வெள்ளி. காற்று வறண்டால் ஈரம் விடும், ஈரம் கூடினால் இழுத்துக்கொள்ளும். பை கல்போல் கெட்டியானால் மாற்றவேண்டிய நேரம் வந்துவிட்டது. மருந்து பாட்டிலில் வரும் சிலிக்கா பையைப் போடலாமே என்று நினைத்தேன். அதற்கு உறிஞ்ச மட்டும்தான் தெரியும், திருப்பித் தரத் தெரியாது.

9 வெள்ளிக்கு ஒரு சின்ன ஈரப்பதமானியும் வாங்கினேன். இவை பொய் சொல்லும். சோதிக்க ஒரு வழி இருக்கிறது, நம் சமையலறையிலேயே செய்யலாம். ஒரு பாட்டில் மூடியில் உப்புப் போட்டு, கரையாமல் சேறுபோல் ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் மானியையும் ஒரே ஸிப் பையில் போட்டு இறுக்கி மூடி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். உப்புச் சேற்றுக்கு மேலிருக்கும் காற்றின் ஈரப்பதம் எப்போதும் 75. காலையில் என் மானி 79 காட்டியது. நாலு கூடச் சொல்லும் மானி என்று டப்பாவின்மேல் எழுதிவைத்தேன்.

வண்டுக்கும் வழி இருக்கிறது. வாங்கிய மூன்றையும் ஸிப் பையில் இரட்டையாகப் போட்டுக் காற்றை வெளியேற்றி, உறைய வைக்கும் பெட்டியில் மூன்று நாள் வைத்தேன். பிறகு ஒரு நாள் கீழ்த் தட்டில். பிறகு பையைத் திறக்காமலே வெளியில் அரை நாள். அவசரப்பட்டுச் சூட்டுக்கு எடுத்தால் மேல் இலை வெடிக்கும், பையைத் திறந்தால் பனி நீர் கோத்துக்கொள்ளும். அம்மாவின் மல்லித்தூளுக்கும் இதே வைத்தியம் செய்யலாமே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மொத்தத்தையும் குப்பையில் கொட்டிவிட்டுத் தேக்காவில் புதிதாக அரைத்து வந்தேன். இழுப்பறை, சமையலறை அலமாரி இரண்டையும் கழுவித் துடைத்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

சுருட்டு 36, மற்றவை 19. மொத்தம் 55 வெள்ளி. மிளகாய், மல்லி தனி.

இதைப் படித்துவிட்டு யாருக்காவது சுருட்டுமேல் ஆசை வந்தால், மருத்துவர் எங்களிடம் சொன்னதையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு பெரிய சுருட்டில் ஒரு பெட்டி சிகரெட் அளவு புகையிலைகூட இருக்கும். புகையை உள்ளே இழுக்காமல் வாயோடு விட்டாலும் வாய், தொண்டை, குரல்வளைப் புற்றுநோய்க்கு அது வழி. குரல்வளை என்ற சொல்லைக் கேட்டதும் என் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

வெள்ளிக்கிழமை இரவு அப்பா வேட்டி கட்டி, வழக்கம்போல் சூடம் காட்டிக் கும்பிட்டார். பத்து நாளாக நடந்த வாக்குவாதம் அதற்கு முன்பே முடிந்திருந்தது. பற்றவைக்காமல் வைத்தால் போதும் என்பது அம்மா. அது சுருட்டில்லை, குச்சி என்பது அப்பா. தாழ்வாரத்தில் வைக்கலாம் என்று சித்தப்பா. வீவக தாழ்வாரத்தில் புகைக்கத் தடை, சாமிக்கு விலக்கு உண்டா என்று தேசிய சுற்றுப்புற வாரியத்தைக் கேட்கும் துணிச்சல் எங்களுக்கு இல்லை. கடைசியில் அப்பாவே சொன்னார், "நான் கீழ போயிடறேன். நீ பத்தவை." கும்பிட்டு முடித்ததும் என் தம்பி மகனைக் கையில் பிடித்துக்கொண்டு மின்தூக்கியில் இறங்கிவிட்டார்.

சமையலறைப் பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில், சன்னல் எல்லாம் திறந்து, மனையில் படத்தை வைத்திருந்தோம். கைச்சுருட்டின் தலைப்பக்கம் மூடியிருக்கும். கத்தியால் ஒரு நூல் அளவு சீவினேன். அப்போது தொலைபேசி அடித்தது.

"விளக்குல பத்தவைக்காதே. எண்ணெய் வாசம் ஏறிடும். தீக்குச்சி."

"சரிப்பா."

"வாயில வைக்காதே."

"வைக்கலப்பா."

கடைக்காரர் சொல்லித்தந்த முறை அது. சுருட்டைச் சாய்த்துப் பிடித்து, தீ நுனியில் படாமல் சற்றுக் கீழே காட்டி, மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஓரம் கறுத்து, சாம்பல் வளையம் சுற்றி வந்ததும், நுனியை நோக்கி வெளியிலிருந்து லேசாக ஊதவேண்டும். மூன்று தீக்குச்சி வீண். நாலாவதில் வட்டமாகச் சிவந்தது. கருப்பு முன்னால் வைத்தேன். நீலமாக ஒரு கோடு எழுந்து சன்னல் பக்கம் போனது.

யாரும் இழுக்காத சுருட்டு நீண்ட நேரம் எரியாது. ஏழு நிமிடத்தில் அணைந்துவிட்டது. மின்விசிறியைப் போட்டு அரை மணி நேரம் காத்திருந்து, அப்பாவை அழைத்தேன்.

"ஒரு பக்கமா எரிஞ்சுதா, நேரா எரிஞ்சுதா?"

"நேராத்தான்."

"எவ்வளவு நேரம்?"

"ஏழு நிமிஷம்."

கீழ்த்தளத்தில் பையன் பந்து உதைக்கும் சத்தம் கேட்டது. "எனக்கு அஞ்சு நிமிஷத்துக்கு மேல எரிஞ்சதே இல்ல" என்றார் அப்பா. கொஞ்சம் இருமினார். "சோறு ஆறிடப்போகுது, வரேன்."

மிச்சம் இரண்டு சுருட்டு டப்பாவுக்குள் இருக்கின்றன. மானி இன்று காலை 70 காட்டியது, அதாவது 66. மூடியின்மேல் அம்மா ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்: 'சாமி சாமான். சமையலறைக்குள் கொண்டுவராதே.'